கடைசிக் கம்பம்

நெடுங்கேணி கழிந்து தார் முடியும்.
கிரவல் முடியும். பிறகு மணல்.
மணலும் முடிகிற இடத்தில்
எங்கள் சபையின் கடைசிக் கம்பம்.
அதற்கங்கால் பாலையும் வீரையும்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற இருட்டு,
நண்பகலிலும்.

நான் மானி வாசிப்பவன்.
மாதத்தில் ஒருதரம்
யானை இலத்தி சூடோ ஆறினதோ என்று
சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு
மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு போவேன்.

கணக்கின் பெயர்: திருமதி இராசநாயகி கனகலிங்கம்.
வீட்டுத்திட்டத்து இரண்டறை.
ஓடு இல்லை. நிலை இல்லை,
கறையான் தின்றது பாதி, ஆள் தின்றது பாதி.
குசினிக்குள் முளைத்த ஆத்தி
கூரை போன வழியால் வெளியே போயிருக்கிறது.
வயரை எப்போதோ உருவிச் செம்புக்கு விற்றுவிட்டார்கள்.
மானி மட்டும் சுவரில்.
தட்டுச் சுற்றுகிறது.

அறுபத்தொரு யூனிற்.
அடுத்த மாதமும் அறுபத்தொன்று.
வைகாசியில் மட்டும் நூற்றுப்பத்து,
விருந்தாளி வந்து நின்ற வீடுபோல.

"எங்கேயோ ஒழுகுது" என்றார் அத்தியட்சகர்.

மாரி கழிந்த ஒரு பின்னேரம்
அந்தச் சுவரில் காதை வைத்தேன்.
கரண்ட் ஓடுகிற இரைச்சல் இல்லை.
சோறு கொதிக்கிற சத்தம்.
பிறகு, யாரோ மூடியைத் தூக்கினமாதிரி,
நின்றது.

மூன்று கட்டை இப்பால் கடை வைத்திருக்கிற
சூசைமுத்து சொன்னான்:
"மனிசி பொழுதுபட்டா வெளி பல்ப்பைப் போடும்.
விடியுமட்டும் நூராது.
வாறவைக்குப் படலை தெரியவேணுமாம்."
"ஆர் வாறது?"
சூசைமுத்து தராசைத் துடைத்தான்.
இரண்டு தட்டையும். கம்பையும்.
"மனிசி செத்தும் ஆறு வருசம்" என்றான்.
படலை எங்கே என்று நான் கேட்கவில்லை.
அந்த வளவுக்கு வேலியே இல்லை.

நிலுவை ஏறி,
வெட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.
ஏணி, குறடு, றப்பர்க் கையுறை.
கம்பத்தில் ஏறி முடிய வெயில் சாய்ந்துவிட்டது.
மேலே நின்றால் காட்டுக்கு மேலாலே
கொத்தியன்முறிப்புக் குளம் தெரியும்,
அதை அன்றுதான் அறிந்தேன்.
அலைகரையில், கழுத்தளவு தண்ணீரில்,
பட்ட மருதமரங்கள்.
அவற்றின் நடுவே சிலபேர்
இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.
அல்லது அவையும் மரங்கள்தான்.
ஆட்காட்டி கத்தவில்லை,
ஆளைக் கண்டால் கத்துகிற குருவி.

வெட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது
மரங்கள் குறைந்திருந்தன.

என் வீடு மாங்குளத்தில், சந்தியிலிருந்து உள்ளே.
என் மானியையும் நானே வாசிக்கிறவன்.
எப்போதும் நாற்பத்துநாலு.
அந்த மாதம் நூற்றைந்து.
மகேந்தினி பிரிட்ஜை நிப்பாட்டினாள்,
அயன் பெட்டியை அலுமாரிக்குள் பூட்டினாள்.
அடுத்த மாதமும் நூற்றைந்து.
கழித்துப் பார்க்க எனக்குக் கடதாசி தேவைப்படவில்லை.

பானையில் சோறு குறையுது என்றாள்.
எலி என்றேன்.
"எலிக்கு ஏன் குளத்துப் பாசி மணக்குது?"
என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நில்லாமல் பானையைக் கழுவப் போனாள்.

அன்றைக்குத்தான் முதல்முதல்
பொழுதுபட, நானே எழும்பி
வெளி பல்ப்பைப் போட்டேன்.
பூச்சிகள் வந்தன. ஒரு நத்து
கொய்யாவில் இருந்து ஒரு சத்தம் போட்டுவிட்டு
எதற்கோ இடம்விட்டதுபோல எழும்பிப் போனது.
படலைக் கொளுக்கி தானாய்க் கழன்றது என்று சொல்லமாட்டேன்.
நான்தான் கழற்றிவைத்தேன்.

இனி வைகாசி.
ஆறு பாய் வாங்கி வந்து
சுவரோரம் சாத்தியிருக்கிறேன்.
எத்தனைபேர் என்று மகேந்தினி கேட்கவில்லை.
கொத்தை எடுத்து
அரிசியைக் கூட அளந்தாள்.